ஆட்டமும் தூண்டிலும்: விளையாட்டாக்கமும் மலேசியத் தமிழ் வகுப்பறையும்

முன்னுரை

மக்களின் அன்றாடச் செயல்களைக் குறித்த ஒரு திசையில் செலுத்துவதற்குக் கணினி விளையாட்டுகளின் வடிவமைப்புக் கூறுகளைப் பயன்படுத்தும் முறை இன்று வணிகம், உடல்நலம், போக்குவரத்து, கல்வி எனப் பல துறைகளிலும் பரவியுள்ளது. புள்ளி, பதக்கம், படிநிலை, தரவரிசைப் பலகை, நாள் தவறாத வருகைக்கான தொடர்கணக்கு ஆகியவை அக்கூறுகளுள் முதன்மையானவை. தமிழில் இம்முறையை ‘விளையாட்டாக்கம்’ என வழங்குகின்றனர்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் விளையாட்டாக்கம் பெரும்பாலும் வரவேற்பையே பெற்று வந்துள்ளது. மாணவர் ஆர்வத்தோடு பங்கேற்கின்றனர், வகுப்பு உயிர்ப்புடன் இயங்குகிறது, பின்தங்கிய மாணவனும் கையுயர்த்துகிறான் என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும், மாணவன் விரும்புவது தமிழையா, தமிழைச் சுற்றிக் கட்டப்பட்ட புள்ளிக் கணக்கையா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. பூச்சோங் வட்டாரத்தின் அன்றாட வாழ்வு இதற்குக் களமாகவும், விளையாட்டைப் பற்றித் தமிழ் இலக்கண இலக்கிய மரபு கொண்டிருந்த கருத்து இதற்கு அளவுகோலாகவும் அமைகின்றன. புறவெகுமதி நின்ற பின்னும் கற்பவரின் விருப்பத்தால் மட்டுமே நிலைக்க வேண்டிய நிலையில் இந்நாட்டில் தமிழ் உள்ளது. ஆதலால், வெகுமதியைச் சார்ந்த விளையாட்டாக்கம் பிற பாடங்களைக் காட்டிலும் தமிழுக்கே மிகுந்த இடரை விளைவிக்கும் என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

சொல்லும் பொருளும்

‘விளையாட்டாக்கம்’ என்பதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லை 2002ஆம் ஆண்டில் உருவாக்கியவர் பிரித்தானிய நிரலாளர் நிக் பெல்லிங் என்பர். எனினும் 2010ஆம் ஆண்டையொட்டியே அச்சொல் பரவலான வழக்குக்கு வந்தது. செபாஸ்டியன் டெட்டர்டிங்கும் அவர்தம் உடனாய்வாளர்களும் 2011இல் தந்த வரையறை இத்துறையில் இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. விளையாட்டல்லாத சூழல்களில் விளையாட்டு வடிவமைப்பின் கூறுகளைப் பயன்படுத்துதல் என்பது அவ்வரையறையின் சாரம். இதில் ‘கூறுகள்’ என்னும் சொல் கருதத்தக்கது. விளையாட்டு முழுமையாக வந்து சேர்வதில்லை. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சில உறுப்புகளே வேறோர் உடலில் பொருத்தப்படுகின்றன. எவ்வுறுப்புகள் பிரித்தெடுக்கப்படுகின்றன, எவை விடப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அம்முறையின் தன்மை அமைகிறது.

இதனை இரு சான்றுகளால் விளக்கலாம். 2009ஆம் ஆண்டில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள ஓடன்பிளான் நிலையத்தில், வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் விளம்பர முயற்சியாக, ஒரு மாடிப்படி பியானோவின் கட்டைகளைப் போல் மாற்றியமைக்கப்பட்டது. காலடி வைக்கும் ஒவ்வொரு படியும் ஓர் ஒலியை எழுப்பியது. அருகில் நகரும் படிக்கட்டு இருந்தும் பலர் ஏறி நடந்தனர். சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய நடை இயக்கத்தில் ஒருவர் நடந்த அடிகள் கருவியால் எண்ணப்பட்டன. எண்ணிக்கைக்கேற்பப் பற்றுச்சீட்டு முதலிய வெகுமதிகள் வழங்கப்பட்டன. இரண்டின் நோக்கமும் மக்களை நடக்கச் செய்வதே. முன்னதில் மகிழ்ச்சி படியேறும் செயலுக்குள்ளேயே உள்ளது. பின்னதில் நடத்தல் ஓரிடத்திலும் அதன் பயனாகக் கிட்டும் பொருள் வேறோரிடத்திலும் உள்ளன. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

இம்முறையைப் பற்றிய அறிஞர் கருத்தும் தொடக்கம் முதலே இருவேறாகப் பிரிந்திருந்தது. ஜேன் மெக்கோனிகல் 2011இல் வெளியிட்ட நூலில், விளையாட்டுகள் வளர்க்கும் ஊக்கத்தையும் ஒத்துழைப்பையும் நடைமுறை வாழ்வின் சிக்கல்களைத் தீர்க்கப் பயன்படுத்த முடியும் என வாதிட்டார். அதே ஆண்டில், தாமே விளையாட்டு வடிவமைப்பாளரான இயன் போகோஸ்ட், விளையாட்டாக்கம் என்பது விளையாட்டின் பெயரால் நடத்தப்படும் சுரண்டல் எனக் கடுமையாகச் சாடினார்.

பூச்சோங்: நிறுவையிலிருந்து திரைக்கு

சிலாங்கூர் மாநிலத்தின் பெட்டாலிங் மாவட்டத்தில் அமைந்துள்ள பூச்சோங், ஈயச் சுரங்கங்களும் இரப்பர் தோட்டங்களும் சூழ்ந்திருந்த ஊர். காசல்பீல்டு, கின்றாரா ஆகிய தோட்டப் பெயர்கள் இன்று இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. டாமான்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை 1999இலும், புத்ரா ஹைட்ஸ் வரையிலான இலகு இரயில் நீட்டிப்பு 2016இலும் முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னர், தோட்டமாக இருந்த நிலம் அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் நிறைந்த புறநகராயிற்று.

இப்புறநகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஒரு நாளை நோக்கினால், விளையாட்டாக்கம் எவ்வளவு இயல்பாகக் கலந்துள்ளது என்பது புலனாகும். டோல் கட்டணத்தைத் திறன்பேசியின் பணப்பையில் செலுத்துவோரை வெகுமதிப் புள்ளிகள் அழைக்கின்றன. இணைய அங்காடிச் செயலி, நாள்தோறும் வந்து பதிந்தால் நாணயம் தருவதாகக் கூறுகிறது. கைக்கடிகாரம் அன்றைய அடிகளை எண்ணுகிறது. மொழி கற்பிக்கும் செயலி, இடைவிடாத நாள்களின் தொடர்கணக்கு அறுந்துவிடும் என்று இரவில் நினைவூட்டுகிறது. மின்னழைப்பு வாகனம் ஓட்டுவோருக்குக் குறித்த எண்ணிக்கையிலான பயணங்களை முடித்தால் ஊக்கத்தொகை உண்டு. எதை எவ்வளவு செய்தோம் என்னும் கணக்கு, ஒவ்வொரு செயலுக்கும் நிழல்போல் உடன் வருகிறது.

தோட்டத்திலும் கணக்கு இருந்தது. பால்மரம் வெட்டுவோர் கொணர்ந்த பாலை நிறுத்துப் பதிவேட்டில் எழுதினர். அவ்வெண்ணோடு கூலி பிணைந்திருந்தது. அந்நிறுவை கொடியதாக இருந்திருக்கலாம், நேர்மையற்றதாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் அது நிறுவை என்பதைத் தொழிலாளி அறிந்திருந்தார். அதனை விளையாட்டு என எவரும் அவரிடம் சொல்லவில்லை. அளவு குறைவு என அவர் முறையிடலாம். அதற்கெதிராகச் சங்கம் கூடலாம். இன்றைய திரையில் கணக்கின் முகம் மாறிவிட்டது. ஊபர் நிறுவனம் அமெரிக்க ஓட்டுநர்களிடம் கையாண்ட உத்திகளை 2017இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் விரிவாக வெளியிட்டது. பணியை முடித்துக்கொள்ள முனையும் ஓட்டுநரிடம், அடுத்த வருவாய் இலக்கை எட்ட இன்னும் சிறு தொகையே குறைகிறது என்ற செய்தி காட்டப்பட்டது. கணினி விளையாட்டில் அடுத்த கட்டம் அருகிலிருப்பதைக் காட்டி ஆடுவோரை எழவிடாமல் வைக்கும் உத்தியே அது. கலிபோர்னியாவின் அனஹைம் நகர டிஸ்னிலேண்ட் விடுதிகளின் சலவையகத்தில் தொழிலாளரின் வேகத்தைப் பெயர் குறித்துத் திரையில் காட்டிய முறை 2011இல் செய்தியாயிற்று. தொழிலாளர் அத்திரைக்கு ‘மின்சாட்டை’ என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தனர்.

பெயரிட்டவர்கள் அறிஞர்கள் அல்லர், சலவைத் தொழிலாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. வேலைக்கு விளையாட்டு வேடம் புனையப்பட்டாலும் அதற்குள் இருப்பது இன்னது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். தோட்டத்து வாழ்வின் நினைவைச் சுமக்கும் சமூகமொன்று அதனைக் கண்டுகொள்ளாதிருப்பதற்குக் காரணமில்லை.

தமிழ் மரபில் ஆட்டமும் சூதும்

விளையாட்டின் இயல்பைத் தமிழ் மரபு எங்ஙனம் கருதியது? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுவதற்குரிய களங்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைக்கிறது. அந்நான்கனுள் மற்றொன்று ‘புலன்’. இதனைக் கல்வியின் பயனாகிய அறிவுடைமை என உரைகாரர் விளக்குவர். இவ்வமைப்பு நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. அறிவும் விளையாட்டும் ஒரே நூற்பாவில் அமைகின்றன. ஆயினும் ஒன்று மற்றொன்றுக்குக் கருவியாகக் கூறப்படவில்லை. அறிவு தானே உவகையின் ஊற்று. விளையாட்டும் தானே உவகையின் ஊற்று. கல்வி கசப்பானது, அதனை விழுங்கச் செய்ய விளையாட்டு என்னும் இனிப்புத் தேவை என்ற எண்ணத்துக்கு இங்கு இடமில்லை.

மேலை அறிஞருள் இதனை ஒத்த கருத்துடையோர் உளர். டச்சு நாட்டு வரலாற்றறிஞர் யோஹான் ஹைசிங்கா 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், விளையாட்டு விரும்பி ஏற்கப்படுவது, அன்றாட வாழ்விலிருந்து தனித்து நிற்பது, பொருட்பயனோடு பிணைக்கப்படாதது என்றார். பிரெஞ்சு அறிஞர் ரொஜே கையுவா 1958இல் அக்கருத்தை விரித்து, விளையாட்டு நடைமுறை வாழ்வோடு கலந்து தன் எல்லையை இழக்கும்போது சீர்கெடுகிறது என விளக்கினார்.

விளையாட்டு சீர்கெட்ட நிலைக்குத் தமிழில் தனிப்பெயர் உண்டு, அது சூது. திருவள்ளுவர் அதற்கு 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் அது அமைந்திருப்பதை வைப்புமுறை நோக்கில் ஆராய்வோர் சுட்டுவர். அவ்வதிகாரத்தின் முதற் குறள், சூதில் இழப்பதைப் பற்றிப் பேசாமல் வெல்வதைப் பற்றிப் பேசுகிறது. சூதில் பெற்ற வெற்றி, மீன் விழுங்கிய தூண்டிலிரையைப் போன்றது என்பது அதன் கருத்து. வெற்றியே பொறியாக அமைகிறது என்னும் இந்நுண்மை வியப்புக்குரியது. அடுத்த குறள் ஒன்று பெற்று நூறு இழப்பதைக் கூறுகிறது. இறுதிக் குறளோ, இழக்குந்தோறும் அதன்மேல் விருப்பம் மிகுவதைக் காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் உளவியல் இதனையே வேறு வழியில் நிறுவிற்று. பெர்ஸ்டர், ஸ்கின்னர் ஆகியோர் 1957இல் வெளியிட்ட ஆய்வு நூல், எப்போது கிட்டும் எனக் கணிக்க இயலாத வெகுமதியே ஒரு செயலை மிகுந்த விடாப்பிடியுடன் தொடரச் செய்கிறது எனக் காட்டியது. சூதாட்டப் பொறிகளும் செயலிகளில் தோன்றும் எதிர்பாராப் பரிசுப் பெட்டிகளும் இவ்விதியின் மேல் இயங்குவன. எனவே, ‘விளையாட்டு’ என்னும் ஒரே பெயரால் வழங்கப்படுவனவற்றை ஆட்டம் எனவும் தூண்டில் எனவும் இரண்டாகப் பகுத்து நோக்கும் திறன் தமிழ் மரபில் முன்பே உள்ளது. இப்பகுப்பை நாம் பயன்படுத்தாதிருப்பதே குறை.

சாழலும் பரமபதமும்

விளையாட்டின் வடிவத்தை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்துவது தமிழுக்குப் புதிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் திருவம்மானை, திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் முதலியன மகளிர் ஆட்டப் பாடல்களின் வடிவில் அமைந்தவை. ஆட்டத்தின் கூறுகளை எடுத்துப் பத்தியை வளர்க்க அவர் பயன்படுத்தினார். இன்றைய வரையறைப்படி இதுவும் விளையாட்டாக்கமே எனலாம். ஆயின் அது செயற்படும் முறை வேறு.

சாழலை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி இறைவனின் கோலத்தையோ செயலையோ பழிப்பதுபோல் வினவுவாள். மற்றொருத்தி அப்பழிப்பின் உட்பொருளை விளக்கி விடையிறுப்பாள். இவ்வாறு இருபது பாடல்கள் செல்கின்றன. திருமங்கையாழ்வாரும் திருமாலைப் பொருளாகக் கொண்டு இவ்வடிவைக் கையாண்டுள்ளார். இங்கு ஆட்டத்தின் நகர்வு எது? வினாவைத் தொடுப்பதும் விடையை அமைப்பதுமே. கற்கப்படும் பொருளும் அவ்வினா விடைக்குள்தான் உள்ளது. பொருளை விட்டுவிட்டு ஆட்டத்தில் மட்டும் வெல்ல முடியாது. அம்மானையின் பிற்கால வடிவமும் இத்தகையதே. ஒருத்தி ஒரு செய்தியைக் கூற, இன்னொருத்தி அதன்மேல் ஐயம் எழுப்ப, மூன்றாமவள் சிலேடையால் விடை தருவாள். சொல்லின் இருபொருளை அறியாதவள் மூன்றாமிடத்தில் நிற்க இயலாது. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை, அதாவது விடுகதையை, பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணியதும் இக்கருத்துக்கு அரண் சேர்க்கிறது. விடுகதை மொழியோடு ஒட்டவைத்த விளையாட்டன்று, மொழியே ஆடும் ஆட்டம்.

பரமபதம் சற்று வேறுபட்டது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடப்படும் இவ்வாட்டத்தில் ஏணிகள் நற்பண்புகளையும் பாம்புகள் தீயொழுக்கங்களையும் குறிக்கின்றன. நடத்தையைத் திருத்தும் நோக்கோடு அமைக்கப்பட்ட ஆட்டம் என இதனைக் கூறுவதில் தடையில்லை. எனினும் இதன் குறையையும் மறைத்தல் கூடாது. ஏணியில் ஏறுபவன் அந்நற்பண்பைச் செய்து ஏறவில்லை, தாயக்கட்டை விழுந்தபடி ஏறினான். நகர்வுக்கும் அறத்துக்கும் இடையே தொடர்பில்லை. ஆகவேதான் இங்கிலாந்துக்குச் சென்ற அவ்வாட்டம் நாளடைவில் அறத்தை உதிர்த்துவிட்டு வெறும் பாம்பும் ஏணியுமாக நிலைக்க முடிந்தது. வீடுகளில் பரமபதம் அறத்தைக் கற்பித்தது என்றால், கட்டத்தில் காய் நின்றபோது அக்கட்டத்தின் கதையைச் சொன்ன பாட்டியே அதற்குக் காரணம். நகர்வோடு பொருள் பிணைந்திராத ஆட்டத்தில், உடனிருந்து பொருளுரைப்பவரே கல்வியைத் தருகிறார். ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி இது.

வகுப்பறையில்

இவ்வளவுகோலைக் கொண்டு இன்றைய தமிழ் வகுப்பறையை நோக்கலாம். தொடக்கப்பள்ளிகளில் 2011இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டம் மகிழ்வுக் கற்றலை ஓர் அணுகுமுறையாக வலியுறுத்தியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையவழிப் புதிர்ச் செயலிகள் ஆசிரியர்க்குப் பெருந்துணையாயின. நார்வேயில் உருவாகி 2013இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கஹூட், 2015இல் தோன்றி 2025இல் பெயர் மாற்றம் பெற்ற குவிசிஸ் ஆகியவை அவற்றுள் பரவலானவை.

கஹூட்டின் தொடக்க வடிவமைப்பைக் கூர்ந்து நோக்குக. வினா வகுப்பின் பெருந்திரையில் தோன்றும். மாணவனின் கருவியில் தோன்றுவனவோ சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் ஆகிய நான்கு மட்டுமே. சரியான விடைக்குப் புள்ளி உண்டு. விரைவுக்கேற்ப அப்புள்ளி கூடும். ஒரு பழமொழிக்குப் பொருள் யாது என்பது வினாவாயின், மாணவனின் விரல் தொடுவது ஒரு நிறத்தை. அவன் ஒரு தமிழ்ச் சொல்லையும் எழுதவில்லை, பலுக்கவும் இல்லை. ஐயமுற்று எண்ணிப் பார்ப்பவன் புள்ளி இழக்கிறான். சாழலில் விடை கூறுபவளுக்கு வேண்டியது சொல்வளம், இங்கு வேண்டியது கைவிரைவு. இரண்டும் வினா விடையே ஆயினும், ஒன்றில் மொழி ஆட்டத்தின் உடலாகவும் மற்றொன்றில் ஆட்டத்துக்கு வெளியே ஒட்டிய சீட்டாகவும் உள்ளது.

செயலிகளுக்கு முன்பே இம்முறை நம்மிடம் இருந்ததை மறத்தலாகாது. கல்வியமைச்சு 1990களின் இறுதியில் தொடங்கிய நீலாம் வாசிப்புத் திட்டத்தில் மாணவர் படித்த நூல்களைப் பதிந்து, எண்ணிக்கைக்கேற்ப வெண்கலம், வெள்ளி, தங்கம் என்னும் படிநிலைகளை எய்தினர். பின்னர் அப்பதிவு ஏட்டிலிருந்து மின்னியல் வடிவத்துக்கு மாறியது. நூலைத் தொடாத பல பிள்ளைகளை நூலகத்துக்குள் அழைத்து வந்த பெருமை இத்திட்டத்துக்கு உண்டு. ஆயின் எண்ணிக்கையை அளவாகக் கொள்ளும் எம்முறையிலும் ஒரு குறை உள்ளுறைந்துள்ளது. தடித்த நூலைவிட மெல்லிய நூல் ஆதாயம் தரும். படித்த நூலையே மீண்டும் படிப்பது வீண் செயலாகும். நட்பின் இனிமைக்கு உவமை தேடிய வள்ளுவர், படிக்குந்தோறும் புதுநயம் தரும் நூலையே கண்டார். எண்ணிக்கைப் பட்டியலில் அவ்வின்பத்துக்குக் கட்டமே இல்லை. இவ்வாறே, பொருளுணராது ஒப்புவித்த குறள்களை எண்ணிப் பரிசளிக்கும் மனனப் போட்டிகளையும் நம் சங்கங்கள் நெடுங்காலமாக நடத்தி வந்துள்ளன. விளையாட்டாக்கத்தின் குறைகளை வெளியிலிருந்து வந்த கேடு என மட்டும் கூறுதல் பொருந்தாது.

வெகுமதி விருப்பத்தை வளர்க்காதா என்னும் வினா எழலாம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய மழலையர் மூன்று குழுவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர்க்கு, வரைந்தால் ‘நல்ல ஆட்டக்காரர்’ சான்றிதழ் தரப்படும் என முன்கூட்டியே கூறப்பட்டது. இன்னொரு குழுவினர்க்கு அறிவிப்பின்றி அது வழங்கப்பட்டது. மூன்றாம் குழுவினர்க்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, எவ்வெகுமதியும் இல்லாத வேளையில் நோக்கியபோது, முன்கூட்டியே பரிசு கூறப்பட்ட குழுவினர் வரைவதில் செலவிட்ட நேரம் ஏனையோர் செலவிட்டதில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. பரிசு புதிதாக விருப்பத்தைத் தரவில்லை என்பதோடு, முன்பிருந்த விருப்பத்தையும் குறைத்துவிட்டது.

இம்முடிவை அனைவரும் ஏற்றனர் எனல் இயலாது. கேமரன், பியர்ஸ் ஆகியோர் 1994இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, வெகுமதியால் பொதுவாகத் தீங்கில்லை என வாதிட்டனர். அதற்கு மறுமொழியாக டெசி, கோஸ்ட்னர், ரயன் ஆகியோர் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். முன்கூட்டியே எதிர்பார்க்கப்படும் பொருள்வெகுமதி இயல்பான ஊக்கத்தைக் குறைக்கிறது என்பதும், குறிப்பாகச் சிறுவரிடம் இவ்விளைவு மிகுதி என்பதும், தொடக்கத்திலேயே சுவையற்ற பணிகளில் இத்தீங்கு காணப்படவில்லை என்பதும் அவர்தம் முடிவுகளாகும். இவ்விறுதிக் கருத்து ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்படும். எழுத்துப்பிழை நீக்கம், லகர ளகர ழகர வேறுபாடு, வலி மிகும் இடங்கள் போன்று பன்முறைப் பயிற்சியால் மட்டுமே கைவரும் பகுதிகளுக்குப் புதிர்ச் செயலியைப் பயன்படுத்துவதில் இழப்பில்லை. கதையையும் கவிதையையும் விடுகதையையும் அதே புள்ளிக் கணக்கில் அடைப்பதில்தான் இழப்பு உள்ளது.

தமிழுக்கே உரிய இடர்

இவ்விடர் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாயின், தமிழைத் தனித்துப் பேசுவது ஏன்? புறவெகுமதி எவ்வளவு காலம் தொடர்கிறது என்பதில் பாடங்களுக்கிடையே பெரும் வேறுபாடு உள்ளது. பள்ளியில் புள்ளிக்காக மலாயையோ ஆங்கிலத்தையோ கற்ற மாணவனுக்குப் பள்ளிக்குப் பின்னும் வெகுமதி காத்திருக்கிறது. உயர்கல்வி, வேலை, அலுவலகம் ஆகிய அனைத்தும் அம்மொழிகளை வேண்டுகின்றன. உள்விருப்பம் குன்றினாலும் புறத்தேவை அவனைத் தாங்கி நிற்கும். தமிழின் நிலை அத்தகையதன்று.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் தானாகவே அட்டவணையில் இடம்பெறுவதில்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கோரினால் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும். அந்தப் பதினைந்து பேர் கேட்க வேண்டும் என்பதே இங்கு அடிப்படை. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் விருப்பப் பாடங்கள். ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. பயில்வோரைத் தேர்வின் அச்சத்தால் இழுத்துச் சென்ற பிடி அவ்வளவில் தளர்ந்தது. பூச்சோங்கில் ஆறாம் ஆண்டை முடிக்கும் ஒரு பிள்ளை, பல இன மாணவர் பயிலும் இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, பள்ளி நேரத்துக்குப் பின்னர் நடைபெறக்கூடிய ஒரு வகுப்புக்காகத் தங்கியிருந்து தமிழைத் தொடர வேண்டுமாயின், அதற்குத் தூண்டுவது எது? புள்ளியன்று, பதக்கமன்று. ஆறாண்டுகளில் ஒரு கதையின்மேலோ ஒரு சொல்லின்மேலோ அப்பிள்ளைக்குத் தோன்றிய பற்றே தூண்ட முடியும்.

அவ்வாறாயின், தமிழ்ப்பள்ளியின் ஆறாண்டுகள் எதனை விளைவிக்க வேண்டும் என்பது தெளிவு. வெகுமதி இல்லாத காலத்திலும் எரியக்கூடிய விருப்பத்தை அவை விளைவிக்க வேண்டும். வெகுமதியோடு பிணைந்த விருப்பம், வெகுமதி அகன்றவுடன் பாதியாகக் குறையும் என ஆய்வு கூறும்போது, பிற பாடங்கள் தாங்கிக்கொள்ளக்கூடிய அவ்விழப்பைத் தமிழ் தாங்க இயலாது. அவ்வகையில், கலகலப்பான ஒரு வகுப்பு நம்மை ஏமாற்றக்கூடும். தரவரிசைப் பலகையில் முதலிடம் பெறத் துடிக்கும் மாணவர் முப்பதின்மரைக் கண்டு, தமிழார்வம் மிக்க வகுப்பு என நாம் கருதலாம். பலகையை அகற்றிய மறுவாரமே உண்மை தெரியும்.

ஆசிரியர் வினவத்தக்கவை

செயலிகளை விலக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. திறன்பேசியோடு வளரும் தலைமுறைக்குத் திரையற்ற தமிழை மட்டும் வழங்குவதும் பொருந்தாது. வகுப்பறைக்குள் ஒரு விளையாட்டைக் கொணருமுன் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம்.

முதலாவது, இவ்வாட்டத்தின் நகர்வு தமிழால் ஆனதா? மாணவன் ஒரு சொல்லைத் தேர்ந்தோ, அமைத்தோ, உரைத்தோ மட்டுமே அடுத்த அடி வைக்க முடியுமாயின் அது தமிழாட்டம். இரண்டாவது, புள்ளிகளை முழுவதும் நீக்கிய பின்னும் இதனை ஆட மாணவர் விரும்புவரா? விடுகதைக்கும் நாநெகிழ் பயிற்சிக்கும் ஒருவரும் புள்ளியிட்டதில்லை, இருந்தும் அவை தலைமுறைகளைக் கடந்து வந்துள்ளன. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திப் புகழ்பெற்ற ‘பாட்டுக்குப் பாட்டு’ வீடுகளுக்குள்ளும் பயண வண்டிகளுக்குள்ளும் பரிசின்றியே ஆடப்பட்டது. மூன்றாவது, தோற்பவனுக்கு இவ்வாட்டம் எதைத் தருகிறது? விடுகதையில் தோற்றவன் ஒரு விடையைப் பெற்றுக்கொண்டு போகிறான், மறுநாள் அதனை வேறொருவனிடம் தொடுக்கிறான். தரவரிசைப் பலகையில் இருபத்தெட்டாம் இடத்தைப் பெற்றவன் கொண்டுபோவது அவ்விடத்தை மட்டுமே.

இவ்வினாக்களின் வழியே சில எளிய மாற்றங்கள் இயலும். படித்த நூல்களின் எண்ணிக்கைக்கு மாறாக, படித்த ஒரு நூலிலிருந்து வகுப்பார் விடுவிக்க வேண்டிய ஒரு விடுகதையை மாணவன் அமைக்கலாம். கதைமாந்தர் ஒருவரை இருவர் சாழல் முறையில் பழித்தும் காத்தும் பேசலாம். புதிர்ச் செயலியைப் பயன்படுத்தும்போது காலக் கணக்கை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வினாவுக்குப் பின்னும் ‘ஏன் அவ்விடை?’ எனக் கேட்டுச் சிறிது நேரம் பேசலாம். பரமபதக் கட்டத்தில் கதை சொன்ன பாட்டியின் இடத்தை அப்போது ஆசிரியர் ஏற்கிறார்.

முடிவுரை

விளையாட்டாக்கம் மனித நடத்தையை மாற்றவல்லது என்பதில் ஐயமில்லை. மாற்றிய பின் எஞ்சுவது யாது என்பதே ஆராயத்தக்கது. ஸ்டாக்ஹோம் மாடிப்படியும் சாழலும் செயலுக்குள்ளேயே இன்பத்தை வைத்தன. தொடர்கணக்கும் தரவரிசைப் பலகையும் இன்பத்தைச் செயலுக்கு வெளியே வைக்கின்றன. முன்னதைத் தமிழ் மரபு உவகையின் களம் என்றது. பின்னது தன் எல்லை கடக்கும்போது தூண்டிலாவதை வள்ளுவர் காட்டினார். 500க்கும் மேற்பட்ட மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் எத்தனை செயலிகள் பயன்படுகின்றன என்னும் கணக்கெடுப்பு எளிது. அப்பள்ளிகளில் பயின்றோருள் எத்தனை பேர் முதலாம் படிவத்தில் தாமே முன்வந்து தமிழ் வகுப்பைக் கேட்டனர், எத்தனை பேர் பதினெட்டு வயதுக்குப் பின்னும் ஒரு தமிழ் நூலைத் தம் விருப்பத்தால் கையிலெடுத்தனர் என்பனவற்றைத் தொடர்ந்து கண்டறியும் ஆய்வே நமக்குத் தேவை. தமிழ் கற்பித்தலில் விளையாட்டின் வெற்றியை அளக்கப் பொருத்தமான அளவை அதுவே. இத்துறை மாணவர்கள் இதனைத் தம் ஆய்வேடுகளின் பொருளாக மேற்கொள்ளுதல் வேண்டும்.